வேலூரில் மனைத் தொழில்: ரெரா பதிவு யாருக்கு, எப்போது?

மனைத் தொழிலில் இறங்கப் போகிறேன், அதற்கு லைசென்ஸ் எடுக்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு சத்துவாச்சாரியில் உள்ள என் சிறிய அலுவலகத்துக்கு மாதத்துக்கு ஒருவராவது வந்துவிடுகிறார். எதை விற்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால் பெரும்பாலோரிடம் பதில் இருப்பதில்லை. பதிவு தேவையா என்பதைச் சட்டம் தீர்மானிப்பது தரகரின் கையில் இருக்கும் சரக்கை வைத்துத்தான் என்பதால், அந்தப் பதில் கிடைக்காமல் மற்ற எதையும் பேச முடியாது. சென்ற வைகாசியில் குடியாத்தத்திலிருந்து என் சின்னம்மா மகன் இதே கேள்வியோடு வந்தான். ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் எட்டு ஆண்டுகள் இருந்தவன். கையில் ஓராண்டுச் செலவுக்குச் சேமிப்பு, ஒரு இருசக்கர வாகனம், ஊரில் நல்ல பெயர். அவனுக்காகக் குறித்து வைத்ததை விரித்து, இத்தொழிலுக்குள் வர இருக்கும் நான்கு வழிகளை இங்கே ஒப்பிட்டிருக்கிறேன்.

2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தைத்தான் எல்லோரும் ரெரா என்கிறோம். அதன் முக்கியப் பிரிவுகள் 2017 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டுக்கான விதிகள் அதே ஆண்டு ஜூனில் வெளியாயின. புதிய மனைப் பிரிவோ அடுக்குமாடியோ போடுகிறவர் அதை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிய வேண்டும் என்கிறது 3ஆம் பிரிவு. அப்படிப் பதிந்த திட்டத்தில் மனையோ வீடோ விற்றுத் தரும் முகவரும் தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும் என்கிறது 9ஆம் பிரிவு. பதிய வேண்டிய திட்டம் பதியப்படாமல் இருந்தால் அதை முகவர் தொடவே கூடாது என்கிறது 10ஆம் பிரிவு. முகவர் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் மிக அகலமானது: பேரம் பேசிக் கட்டணம் வாங்குகிறவர் மட்டுமல்லாமல், வாங்குகிறவரையும் விற்கிறவரையும் எந்த வழியிலாவது அறிமுகம் செய்துவைத்துக் காசு பெறுகிறவரும் அதில் அடக்கம். "நான் பார்ட்டியைக் காட்டிவிட்டதோடு சரி" என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

விலக்கும் உண்டு. நிலத்தின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேற்படாமலோ வீடுகளின் எண்ணிக்கை எட்டுக்கு மேற்படாமலோ இருந்தால் திட்டத்தைப் பதிய வேண்டியதில்லை. 500 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 5,380 சதுர அடி, அதாவது பன்னிரண்டரை சென்டுக்குக் கொஞ்சம் குறைவு. இந்தப் பன்னிரண்டு சென்டு நம் பக்கத்தில் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. நான் பதிவு எடுப்பதற்கு முன்பு, காட்பாடி பக்கம் இருபத்து நான்கு சென்டை அண்ணன் பெயரில் பாதி, தம்பி பெயரில் பாதி என்று பிரித்து, ரெரா இதற்குப் பொருந்தாது என்று சொல்லி விற்ற ஒருவரிடம் ஒரு ஆசிரியர் குடும்பத்தை அழைத்துச் சென்றேன். நடுவில் ஒரே சாலை, இரு பக்கமும் ஒரே நிறக் கல், ஒரே விலைப் பட்டியல். அட்வான்ஸ் கொடுத்த பிறகு வங்கியில் கடனுக்குப் போனபோது அங்கிருந்த வழக்கறிஞர் வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் ரெரா எண் எங்கே என்று கேட்டார். ஒரு திட்டத்தின் எல்லாக் கட்டங்களையும் சேர்த்துத்தான் 500 சதுர மீட்டர் என்று சட்டமே சொல்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். அட்வான்ஸைத் திருப்பி வாங்கப் பல மாதம் ஆயிற்று. கமிஷன் போனதை விட, அந்த ஆசிரியர் இன்றும் என்னைக் கண்டால் சாலையின் மறுபக்கம் போய்விடுவதுதான் எனக்குப் பெரிய நஷ்டம்.

பதிவில்லாமல் பதிவுக்குரிய சரக்கை விற்றால் என்ன ஆகும் என்பதை எண்ணால் பார்ப்பது நல்லது. 1,200 சதுர அடி மனை, சதுர அடி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் விலை 18 லட்சம். இரண்டு சதவீதக் கமிஷன் என்றால் 36,000 ரூபாய் கைக்கு வரும். விதிமீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் அபராதம். அது சொத்து மதிப்பின் 5 சதவீதம் வரை ஏறலாம். இந்த மனைக்கு அந்த உச்சம் 90,000 ரூபாய். ஒன்பதே நாளில் எட்டிவிடும். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி தனிநபர் பதிவுக் கட்டணம் 25,000 ரூபாய், செல்லுபடியாகும் காலம் ஐந்து ஆண்டு. மாதத்துக்கு 420 ரூபாய்கூட வரவில்லை; வேலூர் வெயிலில் மனை காட்டப் போகிறவருக்கு இளநீருக்கு ஆகும் செலவு அதைவிட அதிகம்.

இனி வழிகளுக்கு வருவோம். பதிவே எடுக்காமல் தொழில் செய்வது முதல் வழி. இதைச் சட்டவிரோதம் என்று ஒரேயடியாக ஒதுக்குகிறவர்கள் சட்டத்தை முழுதாகப் படிக்கவில்லை. பழைய வீட்டின் மறுவிற்பனை, தனி ஆளின் பழைய மனை, அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்து விவசாய நிலம், வாடகை ஆகிய எதுவும் பதிந்த திட்டத்துக்குள் வருவதில்லை. சி.எம்.சி. மருத்துவமனையும் வி.ஐ.டி. பல்கலைக்கழகமும் இருப்பதால் வாடகைத் தரகு மட்டும் செய்தே குடும்பம் நடத்துகிறவர்கள் இந்த ஊரில் உண்டு. சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்குப் பாபு ராவ் தெருவைச் சுற்றி அறை பிடித்துத் தர இந்தி நன்றாகத் தெரிந்திருந்தால் போதும். ஆனால் வாடகைக்கும் சட்டம் இருக்கிறது: 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள நில உரிமையாளர், குத்தகைதாரர் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதியப்படவும் வேண்டும். இதைத் தானே முன்னின்று செய்து தரும் தரகரை வீட்டுக்காரர்கள் விடுவதில்லை.

இந்த வழியின் குறை வேறிடத்தில் இருக்கிறது. ராணிப்பேட்டையில் சி.எம்.சி.யின் புதிய வளாகம் 2022இல் திறந்த பிறகு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி மனை தேடி வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் புதிய லேஅவுட் மனைதான். பதிவில்லாதவர் அந்தப் பார்ட்டியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நிற்க வேண்டும். பங்கு கேட்டால், அறிமுகத்துக்குக் காசு வாங்கியவர் என்ற விளக்கத்துக்குள் தானும் வந்துவிடுவார். பழைய வீடும் வாடகையும் மட்டும் போதும் என்று மன உறுதியோடு இருக்கிறவருக்கே இவ்வழி பொருந்தும். அந்த உறுதி முதல் பெரிய கமிஷன் கண்ணில் படும் வரைதான் நிற்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

சம்பளத்துக்கு வேலை பார்ப்பது இரண்டாவது வழி. மனைப் பிரிவு போடும் நிறுவனத்திலோ பதிவு பெற்ற முகவர் அலுவலகத்திலோ விற்பனை ஊழியராகச் சேர்வது இது. புதிதாக வருகிறவருக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான். மகாராஷ்டிரத்தில் 2023 முதல் முகவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். இங்கே 2017ஆம் ஆண்டு விதிகளில் பதிவுக்குத் தேர்வு எதுவும் வைக்கவில்லை; அதனால் கட்டணம் கட்டி எண் வாங்குவது எளிது, பத்திரம் படிக்கத் தெரிந்துகொள்வது அவரவர் பாடு. அந்தப் படிப்பை யாரோ ஒருவருடைய அலுவலகத்தில் அவர் செலவில் படிப்பதுதான் புத்திசாலித்தனம்.

அந்தப் படிப்பு எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வாலாஜாபேட்டை பக்கத்தில் ஒரே நிலத்துக்கான நான்கு பத்திரங்களை மேசையில் வரிசையாக வைத்தால், 1970களின் தாய்ப் பத்திரத்தில் "வட ஆற்காடு மாவட்டம்" என்றிருக்கும். 1989 பிரிவினைக்குப் பின் எழுதியதில் "வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்". அதன் பிறகு "வேலூர் மாவட்டம்". 2019க்குப் பின் எழுதிய கிரயத்தில் "ராணிப்பேட்டை மாவட்டம்". நிலம் நகரவில்லை, பெயர்தான் மாறியது. ஆனால் அதே பத்திரங்களில் பழைய சர்வே எண் புதிய எண்ணாக மாறியிருக்கும், உட்பிரிவு கூடியிருக்கும், 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டின்போது பட்டாவில் பங்காளி பெயர் ஏறியோ விட்டுப்போயோ இருக்கும். பட்டாவை வருவாய்த் துறையின் இணையத் தளத்திலும், வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறைத் தளத்திலும் எடுத்து, புல வரைபடத்தை விரித்து, நான்கு எல்லையும் பத்திரத்தின் செக்குபந்தியோடு, அதாவது அதில் எழுதிய எல்லை விவரத்தோடு, ஒத்துப்போகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கிற பழக்கம் ஆறு மாதம் தினமும் செய்தால்தான் வரும். இஷ்டப்படி விற்க முடியாத பஞ்சமி (ஒடுக்கப்பட்டோருக்கு அரசு ஒதுக்கியது), கோயில், வக்பு நிலங்கள் கலந்துகிடக்கும் மாவட்டம் இது. அந்தப் பழக்கம் இல்லாதவர் கையில் ரெரா எண் இருப்பது, நீச்சல் தெரியாதவர் கையில் படகு உரிமம் இருப்பது மாதிரி.

வேலைக்குச் சேரும்போது ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும். நியமனக் கடிதமும் மாதச் சம்பளமும் தந்து ஊழியராகவே வைத்துக்கொள்கிறார்களா, அல்லது ஊழியர் என்று பெயருக்குச் சொல்லிவிட்டு விற்றால் மட்டும் கமிஷன் தருகிறார்களா என்பதுதான் அது. "சம்பளம் கிடையாது, கீழே பத்துப் பேரைச் சேர்த்தால் உனக்கும் பங்கு" என்று ஞாயிற்றுக்கிழமை வேனில் ஆளேற்றும் இடங்களில், சட்டத்தின் கண்ணில் அவர் ஊழியர் அல்லர், பதிவில்லாத முகவர். அபராதம் வந்தால் வேன் அனுப்பியவர் அதைக் கட்ட மாட்டார்.

மூன்றாவது வழி தனிநபர் பதிவு. இத்தொழிலில் நிலைக்க நினைக்கிறவர்களில் பெரும்பாலோர் கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான். விண்ணப்பம் ஆணையத்தின் இணையத் தளம் வழியாக. ஆணையத்தின் அலுவலகம் சென்னை எழும்பூரில், காந்தி இர்வின் பாலச் சாலையில். நிழற்படம், பான் அட்டை, முகவரிச் சான்று, தொழில் நடக்கும் இடத்துக்கான சான்று, முந்தைய மூன்று நிதியாண்டுகளின் வருமான வரித் தாக்கல் அல்லது வரி விலக்கு பெற்றவர் என்ற உறுதிமொழி ஆகியவை வேண்டும். விண்ணப்பங்கள் சிக்குவது கடைசி இரண்டில்தான். வீட்டு முகப்பில் மேசை போட்டு நடத்துகிறவரின் வீடு அப்பா பெயரில் இருக்கும். வாடகைக் கடை என்றால் கடைக்காரர் ஒப்பந்தம் எழுதித் தரத் தயங்குவார். வரித் தாக்கலையோ, வரம்புக்குக் கீழே வருமானம் என்று பல ஆண்டு செய்யாமலே விட்டிருப்பார்கள். எனவே, பதிவு எப்போது எடுத்தாலும் சரி, வரித் தாக்கலை இந்த ஆண்டிலிருந்தே தொடங்கிவிடுவது நல்லது.

எண் கிடைத்த பின் பொறுப்புகள் உண்டு: ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும், கணக்கும் ஆவணங்களும் முறையாக வைத்திருக்க வேண்டும், முன்பதிவு செய்கிறவருக்குத் திட்டத்தின் எல்லா விவரமும் கிடைக்கச் செய்ய வேண்டும். இல்லாத ஒப்புதலை இருப்பதாகச் சொல்வது பதிவையே ரத்து செய்யும் அளவுக்குப் போகும். வேலூர் மாவட்டத்தில் மனைப் பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல், அதாவது டிடிசிபி அப்ரூவல், ஒன்று. ரெரா எண் வேறொன்று. "டிடிசிபி இருக்கே, ரெரா எதற்கு" என்று கேட்கும் விற்பனையாளரிடம் பதிவு பெற்றவர் விலகி நிற்கத்தான் வேண்டும். பயனும் அதற்கேற்ப உண்டு. திட்டத்தைப் பதியும்போதே அதன் முகவர்களின் பெயரையும் முகவரியையும் தர வேண்டும் என்று சட்டம் சொல்வதால், பெரிய நிறுவனங்கள் எண் உள்ளவரைத்தான் பட்டியலில் சேர்க்கின்றன. கமிஷன் நிலுவை நின்றால், பெயர் பட்டியலில் இருப்பவர் குரலை உயர்த்திக் கேட்க முடியும்.

கூட்டு நிறுவனமாகவோ கம்பெனியாகவோ பதிவது நான்காவது. கட்டணம் 50,000 ரூபாய் என்று அதே விதிகள் வைத்தன. கூட்டு ஒப்பந்தப் பத்திரம், நிறுவனத்துக்குத் தனிப் பான், பங்குதாரர் ஒவ்வொருவரின் விவரம் எல்லாம் சேரும். இரண்டு நண்பர்கள் சேர்ந்து முதல் நாளே நிறுவனப் பெயரில் பலகை மாட்டுவது இங்கே ஒரு மோகம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முதல் இரண்டு ஆண்டில் எந்தப் பார்ட்டி யாருடையது என்ற சண்டையில் பிரியாத கூட்டு அரிது. பிரிந்தால் பதிவு நிறுவனத்தோடு போய்விடும், இருவரும் வெறுங்கையோடு நிற்பார்கள். ஊழியர்களை வைத்து, கிளை போட்டு, நிறுவனங்களோடு மொத்த விற்பனைக்கு ஒப்பந்தம் செய்யும் நிலைக்கு வந்த பிறகு இது பொருளுள்ள செலவு.

இதோடு ஓர் எல்லைப் பிரச்சினையும் இருக்கிறது. காட்பாடிக்காரர்களுக்கு இது மிக முக்கியம். கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆந்திரம். சித்தூர்ப் பக்கம் மனை காட்டச் சொல்லி இங்கிருந்தே ஆட்கள் போகிறார்கள். தமிழ்நாட்டில் எடுத்த முகவர் பதிவு இந்த மாநிலத்துத் திட்டங்களுக்கு மட்டுமே. ஆந்திரத்துக்கும் கர்நாடகத்துக்கும் தனித்தனி ஆணையம், தனித்தனிப் பதிவு. அரை மணி நேரப் பயணத்தில் பதிவு பெற்றவர் பதிவில்லாதவராகிவிடுகிறார்.

ஆவண எழுத்தர் உரிமம் எடுக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அது பதிவுத் துறை 1982ஆம் ஆண்டு விதிகளின்கீழ் வழங்கும் வேறு உரிமம். எழுத்துக் கூலியில் நடக்கும் வேறு தொழில். கையெழுத்தும் பொறுமையும் உள்ளவருக்கு மதிப்பான வேலைதான், ஆனால் தரகுக்குக் குறுக்கு வழி ஆகாது.

வரியைப் பற்றி இத்தொழிலில் யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. நிறுவனங்கள் கமிஷன் தரும்போது 2 சதவீதம் வருமான வரியாகப் பிடித்துக்கொண்டே தரும். தாக்கல் செய்தால்தான் அதைச் சரிக்கட்ட முடியும். சிறு வணிகர்கள் விற்றுமுதலில் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டை வருமானமாகக் காட்டிவிடும் எளிய முறை, கமிஷன், தரகு வருவாய்க்குப் பொருந்தாது. பெட்ரோல், அலுவலக வாடகை, விளம்பரம் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுத வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும், கமிஷன் மேல் 18 சதவீத வரியும் வரும். ரெரா பதிவில்லாத தரகருக்கும் இவை பொருந்தும். ரொக்கமாக வாங்குவதால் அவர் அதை மறந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, சின்னம்மா மகனுக்கு நான் சொன்னது இரண்டாவது வழியில் தொடங்கி மூன்றாவதுக்குப் போகச் சொல்லித்தான். கணக்குப் பிரிவில் இருந்தவன் என்பதால் மூன்றாண்டு வரித் தாக்கல் அவனிடம் சுத்தமாக இருந்தது. விண்ணப்பத்தில் பலரும் தடுக்கி விழும் இடத்தை அவன் ஏற்கெனவே தாண்டியிருந்தான். அப்படியானால் இப்போதே எண் வாங்கிவிடலாமே என்று கேட்டான். வாங்கலாம், தடையில்லை. ஆனால் ஐந்தாண்டுக் கணக்கு சான்று தந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். புல வரைபடம் படிக்கத் தெரியாத முதல் ஆண்டை அதில் ஏன் கழிக்க வேண்டும்? வேறொருவர் வந்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். பதினைந்து ஆண்டு கிராம நிர்வாக அலுவலகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் வந்தால் நேராகத் தனிநபர் பதிவுதான். அவருக்குப் பட்டாவைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. காந்தி நகரில் மாணவர்களுக்கு வீடு பிடித்துத் தரும் பெண்மணி வந்தபோது, பதிவு வேண்டாம், வாடகை ஒப்பந்தத்தைப் பதிந்து தரப் பழகிக்கொள்ளுங்கள் என்றே சொல்லி அனுப்பினேன்.

அவன் ஆனியில் ஒரு மனைப் பிரிவு அலுவலகத்தில் நியமனக் கடிதத்தோடு சேர்ந்துவிட்டான். முதல் வாரம் முழுக்க வில்லங்கச் சான்றில் உள்ள சர்வே எண்களைப் பட்டாவோடு ஒத்துப் பார்க்க வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு உட்பிரிவு எண் தப்பாக இருந்ததைக் கண்டுபிடித்ததற்காக அவனுக்கு ஒரு பிரியாணி கிடைத்ததாம். பதிவுக்கு அடுத்த ஆண்டு ஆடியில் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆடிப்பெருக்கன்று பத்திர அலுவலகத்தில் கூட்டம் இருக்குமே தவிர, மற்றபடி அந்த மாதத்தில் மனை வாங்க வருகிறவர் குறைவு. ஆவணத்தில் குறை சொல்லித் திருப்பினாலும் சரிசெய்து கொடுக்க நேரம் இருக்கும். ஆவணி பிறந்து பார்ட்டிகள் வரத் தொடங்கும்போது எண் கையில் இருந்தால் போதும்.